ரோட்டில் டேங்கர் கவிழ்ந்தால்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர்களுக்கு மூன்று நாள் வகுப்பு எடுப்பது என் பிழைப்பு. வகுப்புக்குள் ஓட்டுநர்கள் கேட்கும் கேள்விகள் ஒரு தினுசு. வகுப்பு முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர்க்காரர்கள் கேட்பது வேறு தினுசு. இந்தப் பக்கம் இரண்டாவது தினுசுக்கு. கயத்தாறு, கங்கைகொண்டான், மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று நால்வழிச்சாலையை ஒட்டி வீடோ கடையோ வயலோ வைத்திருப்பவர்களும், வல்லநாடு வழியாகத் தினமும் பைக்கில் தூத்துக்குடி போய்வருபவர்களும் கேட்டவை இவை.

எதுவும் ஆகிப்போச்சுன்னா முதல்ல யாருக்குப் போன் போட அண்ணாச்சி?

112. அது ஒன்றே போதும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அங்கிருந்தே தகவல் போய்விடும். 101, 108 இரண்டும் தனியாகவும் எடுக்கும். நால்வழிச்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம். ரோந்து வண்டி வந்து போக்குவரத்தைத் திருப்பும். சமையல் கேஸ் கசிவுக்கு 1906. கலெக்டர் ஆபீஸ் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

எந்த நம்பரை அழுத்தினீர்கள் என்பதைவிட, எடுத்தவரிடம் என்ன சொன்னீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் “சார், லாரி கவுந்துட்டு, சீக்கிரம் வாங்க” என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். எந்த ஊர், எந்தப் பக்கம், என்ன லாரி, ஒன்றும் இல்லை. நாகர்கோவில் போகும் பாதையா, மதுரை போகும் பாதையா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு இருக்கிறது; தப்பான பக்கம் வந்த வண்டி அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கிலோமீட்டர் கல் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். பிறகு: ஒழுகுதா, புகையுதா, எரியுதா, உள்ளே ஆள் மாட்டியிருக்கா. கடைசியாக அந்த நாலு இலக்க நம்பர்.

அதென்ன நாலு இலக்க நம்பர்?

டேங்கரின் பின்பக்கமும் இரண்டு விலாவிலும் கட்டம் போட்ட ஒரு பலகை இருக்கும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134-ஆவது விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சரக்கின் பெயர், யு.என். நம்பர் என்கிற நாலு இலக்க எண், சாய்சதுரப் படம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய போன் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும், வாயில் நுழையாது. நம்பர் மட்டும் உலகம் முழுக்க ஒன்றுதான். 1203 என்றால் பெட்ரோல். 1202 டீசல். 1075 சமையல் கேஸ். 1005 அம்மோனியா, 1017 குளோரின். 1830 என்று போட்டிருந்தால் கந்தக அமிலம், 1789 ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 1824 காஸ்டிக் சோடா கரைசல், 1073 திரவ ஆக்சிஜன். நம் ரோட்டில் போவதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். மனப்பாடம் செய்ய வேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும்.

இதற்கு ஒரு சம்பவம் சொல்லாமல் நகர முடியாது. கயத்தாறு தாண்டி ஒரு காலைவேளை, ஒரு டேங்கர் சாலையோரப் பள்ளத்தில் பக்கவாட்டில் கிடந்தது. மேல்மூடியிலிருந்து வெள்ளையாகப் புகை. நான் பஸ்ஸில் வந்தவன். இறங்கி ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பலகையின் ஒரு மூலைதான் வெளியே தெரிந்தது, அதிலும் செம்மண் அப்பியிருந்தது. அமிலம் என்று ஒருவர், அம்மோனியா என்று ஒருவர், “வெறும் ஆவிதாம்வே” என்று ஒருவர். ஸ்கூல் பையைத் தோளில் மாட்டிய ஒரு பையன் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றபடியே அப்பாவின் போனை வாங்கி, கேமராவை இழுத்துப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தான். “ஒண்ணு ஏழு எட்டு ஒம்பதுன்னு போட்டிருக்கு மாமா” என்றான். அந்த நாலு எழுத்தைப் போனில் சொன்னபிறகுதான் எதிர்முனைக் குரலில் பதற்றம் போய்த் திட்டம் வந்தது. தீயணைப்பு வண்டியோடு சுண்ணாம்பு மூட்டைகளும் வந்து இறங்கின. பையன் நூறு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு செய்த வேலை அது. கிட்டப் போய் மண்ணைத் துடைத்துப் பார்க்கிறேன் என்று கிளம்பிய பெரியவரை நாங்கள் இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பலகையில வேற எழுத்தெல்லாம் இருக்கே?

ஒரு எண்ணும் ஓரிரு ஆங்கில எழுத்தும் சேர்ந்து இருப்பது ஹாஸ்கெம் குறியீடு. அது தீயணைப்பு வீரர்களுக்கு. முதல் எண் எதை அடிக்க வேண்டும் என்று சொல்லும்: 1, 2 என்றால் தண்ணீர், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீர் படாமல் உலர்பொருள். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி எழுத்து. அது ஆங்கில ‘ஈ’ என்றால் சுற்றியிருக்கும் ஜனங்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

சாய்சதுரத்தில் சிவப்பு என்றால் தீப்பிடிக்கும். மண்டையோடு என்றால் விஷம். கையிலும் கம்பியிலும் சொட்டு விழுகிற மாதிரிப் படம் இருந்தால் அரிக்கும். மஞ்சள் என்றால் அது தானாக எரியாது, பக்கத்தில் எரிவதை வெறிகொண்டு எரிய வைக்கும். ஆரஞ்சு, வெடிபொருள்.

எந்தப் பக்கம் ஓட?

காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு ஓடினால் புகையும் உங்களோடு சேர்ந்து ஓடி வரும். காற்றுக்கு எதிரே போக லாரி வழியில் கிடக்கிறதென்றால், முதலில் காற்றுக்குக் குறுக்கே விலகிப் போய்ப் பிறகு சுற்றி வாருங்கள்.

காற்றைக் கண்டுபிடிக்க மண்ணை அள்ளித் தூவிப் பார்ப்பார்கள், துண்டைத் தூக்கிப் பிடிப்பார்கள். நம் ஊரில் அதைவிட வசதி ஒன்று இருக்கிறது. கயத்தாறு பக்கமும், வள்ளியூர் பணகுடி தாண்டி முப்பந்தல் வரையும் நிற்கும் காற்றாலைகளைப் பாருங்கள். இறக்கைகள் காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் தானாகத் திரும்பி நிற்கும். சுற்றும் காற்றாடியின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அங்கிருந்துதான் காற்று வருகிறது. முகம் பார்க்கும் பக்கம் போங்கள்.

ஆனி, ஆடியில் சந்தேகமே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மேகாத்தை, அதாவது மேற்குக் காற்றை, அள்ளி வீசும், மேற்கே பார்த்து நகர்ந்தால் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வடக்கேயிருந்து வாடைக்காற்றும் கிழக்கேயிருந்து கொண்டலும் மாறி மாறி அடிக்கும், அப்போது பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காற்றே இல்லாத தை, மாசி இரவுகள்தான் எனக்குப் பயம். பலத்த காற்று வாயுவைக் கலைத்து மெலிய வைத்துவிடும். காற்று நின்ற இரவில் அது கலையாமல் ஓடைக்குள்ளும் குளத்துப் பள்ளத்துக்குள்ளும் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் விஷவாயுவுக்கு இரவில் பகலைவிட அதிக தூரம் ஒதுங்கச் சொல்கிறார்கள்.

எவ்வளவு தூரம் போனா போதும்?

பெட்ரோல், டீசல் டேங்கர் எரிந்தால் எல்லாத் திசையிலும் 800 மீட்டர். கேஸ் டேங்கரைத் தீ சூழ்ந்துவிட்டால் 1,600 மீட்டர், அதாவது ஒரு மைல். தீ இல்லை, என்ன சரக்கென்று தெரியவில்லை என்றால் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நின்று யோசியுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் லாரி முழுசாக அதற்குப் பின்னால் மறைய வேண்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன், அவர்களுக்கு அது விளையாட்டாகவும் இருக்கிறது.

பெட்ரோல் வீணாத்தானே ஓடுது, ஒரு குடம் பிடிச்சா என்ன?

இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை. “பக்கத்து ஊர்க்காரன் பிடிச்சானாம்” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

2017 ஜூன் 25, பாகிஸ்தானில் பகவல்பூர் பக்கம். நெடுஞ்சாலையில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து வழிந்த பெட்ரோலைப் பிடிக்கக் குடமும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு ஊரே வந்தது. தீப்பிடித்தது. செத்தவர்கள் 200-க்கும் மேல். பெட்ரோல் வழிகிற இடத்தில் எரிவது திரவம் இல்லை, அதன் மேலே நிற்கும் ஆவி. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். ஐம்பது அடி தள்ளி ஒருவர் பைக்கை உதைத்தாலே போதும். பிளாஸ்டிக் குடத்தில் பெட்ரோல் சலசலவென்று விழும்போது அதுவே நிலைமின்சாரத்தை உண்டாக்கும். அதில் வரும் பொறி கண்ணுக்குக்கூடத் தெரியாது.

வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி நடந்துவிடுங்கள். வாடை அடிக்கும் இடத்தில் மறுபடி சாவியைத் திருப்ப வேண்டாம். போனை அங்கே வைத்துப் பேசாதீர்கள், தள்ளிப் போய்ப் பேசுங்கள்.

கேஸ் டேங்கர் கவிழ்ந்தா வெடிச்சிருமா?

கவிழ்ந்த உடனே வெடிப்பது சினிமாவில். அந்த உருளைக்கு ‘புல்லட்’ என்று பெயர், கனத்த இரும்பு, பெரும்பாலும் அடியைத் தாங்கும். உடைவது வால்வும் குழாயும்தான். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் கேஸோடு ஒரு புல்லட் லாரியிலிருந்து கழன்று விழுந்தது. கேஸ் கசிந்தது. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், சுற்றியிருந்த பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள், ரோட்டை அடைத்தார்கள், பல மணி நேரம் கழித்துப் பத்திரமாகத் தூக்கினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. “இவ்வளவு களேபரம் எதுக்கு, ஒண்ணும் ஆகலையே” என்று பிறகு சிலர் பேசினார்கள். அந்தக் களேபரத்தால்தான் ஒன்றும் ஆகவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்ட் 27 ராத்திரி, கண்ணூர் பக்கம் சாலா என்கிற ஊர். கவிழ்ந்த டேங்கரிலிருந்து வெளியான கேஸ் ரோட்டோரத்து வீடுகளைச் சூழ்ந்து, பிறகு பற்றிக்கொண்டது. 20 பேர் போனார்கள். ஒரு லிட்டர் திரவ கேஸ் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றைவிடக் கனம் என்பதால் வாசல், ஜன்னல், சாக்கடை என்று தாழ்ந்த வழியெல்லாம் நுழையும். அப்போது வீட்டுக்குள் இருப்பவர் ஸ்விட்சைப் போட்டாலும் ஆபத்து, அணைத்தாலும் ஆபத்து. இருட்டிலேயே எழுந்து, விளக்கு போடாமல், வெறுங்காலோடு வெளியே வந்து, காற்றுக்கு எதிரே நடக்க வேண்டும். அடுப்பு எரிந்தால் மட்டும், வாடை இன்னும் உள்ளே வரவில்லை என்றால், அணையுங்கள். சாமி விளக்கும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

தீ புல்லட்டை நேராகச் சுட ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. உள்ளே திரவம் கொதிக்கும், அழுத்தம் ஏறும், மேலே இரும்பு இளகும். பத்து நிமிஷத்திலேயே பிளந்துகொள்ளலாம். பாதுகாப்பு வால்விலிருந்து வரும் சீறல் சத்தம் ஏறிக்கொண்டே போனாலோ, டேங்கின் நிறம் மாறினாலோ, அங்கே நிற்பதற்கு நேரம் இல்லை. பிளக்கும்போது புல்லட்டின் முனை ராக்கெட் மாதிரிப் பறக்கும், அதனால் “முன்னாடி நின்னா ஆபத்து, பக்கவாட்டுல நின்னா பரவால்ல” என்ற டீக்கடைக் கணக்கும் செல்லாது.

இன்னொன்று. வால்வில் கேஸ் எரிந்துகொண்டிருந்தால் அந்தத் தீயை ஊர்க்காரர்கள் அணைக்கப் பார்க்கக் கூடாது. கசிவை அடைக்காமல் தீயை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் ஊருக்குள் பரவும். சாலாவில் நடந்தது மறுபடி நடக்கும்.

காலி டேங்கர்னு டிரைவர் சொல்றார், பயமில்லைல்லா?

பெட்ரோல் இறக்கிவிட்டு வரும் ‘காலி’ டேங்கர்தான் என்னைக் கேட்டால் கூடுதல் ஆபத்து. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் கிடையாது. காலி டேங்கில் ஆவியும் காற்றும் வெடிக்கத் தோதான அளவில் கலந்து நிற்கும். பஞ்சர் கடையில் காலி டேங்கருக்கு வெல்டிங் வைக்கச் சொல்லும் ஓட்டுநர்களை வகுப்பில் நான் திட்டியிருக்கிறேன், திட்டிக்கொண்டேதான் இருப்பேன்.

அது ஏன் இந்த டேங்கர் மட்டும் இப்படிக் கவிழுது?

உள்ளே சரக்கு அலம்புவதுதான் காரணம். குடத்தில் முக்கால் தண்ணீர் எடுத்து இடுப்பில் வைத்து வேகமாகத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கந்தக அமிலம் தண்ணீரைப்போல் 1.8 மடங்குக்கு மேல் கனம். டேங்கை நிரப்பினால் எடை மீறிவிடும், அதனால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஏற்ற முடியும், மீதி இடத்தில் அலம்பும். வளைவில் ஓட்டுநர் திருப்பி முடித்தபிறகும் சரக்கு இன்னும் பழைய திசையில் போய்க்கொண்டிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கண் சொருகும் நேரத்தில் ஒருவர் சட்டென்று ஸ்டியரிங்கை வெட்டினால் மீதி வேலையைச் சரக்கே பார்த்துவிடும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வண்டியை ஓரங்கட்டித் தூங்கச் சொல்வது என் வகுப்பின் பழைய பல்லவி. முதலாளிகள் காதிலும் விழ வேண்டும்.

ஆசிட் மேல பட்டுட்டா?

தண்ணீர். நிறைய. நிறுத்தாமல். குறைந்தது இருபது நிமிஷம்.

துணியைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள். கூச்சம் பார்த்தால் சட்டைக்குள் நிற்கும் அமிலம் தோலைத் தின்றுகொண்டே இருக்கும். பனியனைத் தலைவழியாகக் கழற்றாதீர்கள், முகத்தில் இழுபடும், கிழித்தெடுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீரை ஓட விட வேண்டும், அடுத்த கண்ணுக்குள் போகாமல். மோர், எலுமிச்சை, மஞ்சள், பேஸ்ட், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும் என்பது உண்மை. முறியும்போது சூடு கிளம்பும், அது தரைக்குச் சரி, தோலுக்குச் சரிப்படாது. பிறகு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் எது உண்டோ அங்கேயோ. கழுவி முடிக்காமல் ஆம்புலன்ஸில் ஏற்ற அவசரப்படாதீர்கள். வழியில் போகும் அரைமணி நேரமும் அமிலம் வேலை செய்யும்.

காஸ்டிக் சோடா இன்னும் கள்ளத்தனமானது. சோப்புத் தண்ணீர் மாதிரி வழுவழு என்றிருக்கும், முதலில் வலிக்காது. வலிக்கவில்லையே என்று விட்டவர்களுக்குத்தான் ஆழமாகப் புண்ணாகும். கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம். வழுவழுப்பு முழுக்கப் போகும் வரை கழுவ வேண்டும்.

மேலே பட்டதைக் கழுவ வேண்டும் என்றதும், ரோட்டில் தேங்கிய அடர் கந்தக அமிலத்திலும் குடத்தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். கொதித்துத் தெறிக்கும். அதை மணல் கொட்டி மறிக்க வேண்டும், அதுவும் தீயணைப்புக்காரர்கள் வந்தபிறகு.

அம்மோனியா, குளோரின் வாடை வந்தா வீட்டை விட்டு ஓடவா, கதவைச் சாத்தவா?

கேஸ் டேங்கருக்குச் சொன்ன பதில் இங்கே தலைகீழ். விஷவாயு மேகம் ஏற்கெனவே தெருவுக்குள் வந்துவிட்டதென்றால் அதற்குள் இறங்கி ஓடுவது ஆபத்து. கதவு, ஜன்னலைச் சாத்தி, ஏ.சி.யையும் வெளிக்காற்றை இழுக்கும் ஃபேனையும் நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமுள்ள அறையில் இருங்கள். மேகம் இன்னும் தள்ளித்தான் இருக்கிறது, நேரம் இருக்கிறது என்றால் குறுக்கே விலகிப் போய்விடுங்கள்.

குளோரின் காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம். மங்கிய பச்சை கலந்த மஞ்சள், பிளீச்சிங் பவுடர் வாடை. மாடி வீட்டுக்காரர்கள் மேலே ஏறிவிடலாம். அம்மோனியா இயல்பில் லேசான வாயு. ஆனால் டேங்கரிலிருந்து குளிர்ந்து பீறிடும்போது வெள்ளைப் புகையாகத் தரையோடுதான் முதலில் வரும். இரண்டுமே மூக்கைப் பிடுங்கிவிடும், தெரியாமல் ஆளைக் கொல்கிற ரகமில்லை. ஈரத்துண்டை மூக்கில் கட்டுவது அம்மோனியாவுக்குக் கொஞ்சம் உதவும், அது தண்ணீரில் கரையும் என்பதால். குளோரினுக்கு அதைவிடக் குறைவு. கட்டிக்கொண்டு வெளியேறலாம், கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போக முடியாது.

சாகுபுரத்தில் காஸ்டிக் சோடாவும் அதோடு கூடப்பிறக்கும் குளோரினும், தூத்துக்குடியில் உரத்துக்கான அம்மோனியாவும் இருப்பதால் அந்தச் சாலைக்காரர்கள் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். குடிநீர் சுத்திகரிப்புக்குப் போகும் குளோரின் டன்னர் என்கிற பெரிய உருளையில் 900 கிலோ அளவுக்கு இருக்கும். அது கசிந்தால் மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈரம் பட்டால் கசியும் ஓட்டையை அரித்து இன்னும் பெரிதாக்கும்.

ஆத்துப் பாலத்துல நடந்தா?

என்னைத் தூங்க விடாத கேள்வி இது. தாமிரபரணியைக் கடக்காமல் நால்வழிச்சாலையில் திருநெல்வேலியைத் தாண்ட முடியாது. அந்த ஆற்று மணலுக்குள் இருக்கும் உறைகிணறுகளிலிருந்துதான் நமக்கும் தூத்துக்குடிக்கும் எத்தனையோ ஊர்களுக்கும் குடிநீர். கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் எல்லாம் அதன் பிள்ளைகள்.

பாலத்திலோ கால்வாய்க் கரையிலோ கவிழ்ந்தால் 112-ல் பேசும்போதே “சரக்கு தண்ணிக்குள்ள இறங்குது” என்று தனியாகச் சொல்லுங்கள். மாநகராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் தகவல் போனால், கீழ்ப்புறத்து மோட்டார்களை நிறுத்திவைக்க நேரம் கிடைக்கும். தண்ணீர் நடக்கும் வேகத்தில்தான் போகும், போன் அதைவிட வேகம். மாடு குளிப்பாட்டுகிறவர்களையும், துணி துவைக்கிறவர்களையும், கீழே படித்துறையில் இருப்பவர்களையும் சத்தம் போட்டு மேலே ஏற்றுங்கள். கால்வாயில் சரக்கு இறங்கியிருந்தால் மடையை அடைத்து வயலுக்குள் போகாமல் நிறுத்துவதை, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகள் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள், அவர்களுக்கு ஒரு குரல் கொடுங்கள்.

மீன் செத்து மிதந்தால் அள்ளிப் போகாதீர்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூடங்குளம், மகேந்திரகிரி லாரி எதுவும் கவுந்தா?

எல்லாக் கூட்டத்திலும் முதலில் கை தூக்கிக் கேட்கப்படுவது இதுதான். இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தினமும் வீட்டுவாசலைத் தாண்டும் பெட்ரோல் டேங்கருக்கு ஒருவரும் பயப்படுவதில்லை. கதிரியக்கச் சரக்குகள் அடிதாங்கும் பெட்டிக்குள், ஏற்பாட்டோடு போகின்றன. மூன்று இலை விரிந்த மாதிரிக் கறுப்பு-மஞ்சள் குறி இருந்தால் தொடாமல் தள்ளி நின்று 112 சொல்லுங்கள், அவ்வளவுதான்.

மகேந்திரகிரி இஸ்ரோ மையத்து விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது திரவ ஆக்சிஜன். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் அங்கிருந்தும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஆக்சிஜன் போனது. எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அது டேங்கரில்தான் வரும். மூச்சு விடுகிற பொருள்தானே என்று அலட்சியம் வேண்டாம். திரவ ஆக்சிஜன் தார் ரோட்டில் ஊறியிருக்கும்போது அதில் மிதித்தாலோ கல் விழுந்தாலோ அந்தத் தாரே வெடிக்கலாம். வெள்ளைப் பனிமூட்டத்துக்குள் நின்றுவிட்டு வந்தவரின் துணியில் ஆக்சிஜன் ஏறியிருக்கும். அவர் பீடி பற்றவைத்தால் வேட்டி திரி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரமாவது வெட்டவெளியில் காற்றாட நிற்க வேண்டும்.

பட்டாசு லாரி, குவாரி வெடிமருந்து வண்டி?

எரிகிறதென்றால் அணைக்கப் போகாதீர்கள். ஓடுங்கள். சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

டிரைவர் ஓடிட்டான், அவனைப் பிடிக்க வேண்டாமா?

பிடித்து அடிப்பதற்காகக் கேட்டால், வேண்டாம். அந்த இடத்தில் சரக்கைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கேபினில் ‘ட்ரெம் கார்டு’ என்று ஒரு அட்டை இருக்க வேண்டும். என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்ய, பட்டால் என்ன முதலுதவி என்று அதில் எழுதியிருக்கும். ஆபத்தான சரக்கு ஓட்டுபவர் ஆங்கிலத்தோடு ஓர் இந்திய மொழியும் படிக்க எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் விதி. அடிக்குப் பயந்து அவர் தோட்டம் விளைக்குள் ஓடி ஒளிந்தால் அந்த அறிவும் அவரோடு ஓடிவிடும். பல ஓட்டுநர்கள் வடநாட்டுக்காரர்கள், தமிழ் தெரியாது. ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினால் அட்டையை எடுத்து நீட்டுவார்கள். அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அட்டையே இல்லாத லாரிகளும் உண்டு. பலகையில் வேறு சரக்கின் நம்பரோடு ஓடும் லாரியும் உண்டு. ஒருமுறை ஒரு கம்பெனி வண்டியில், போன வாரச் சரக்கின் பலகையை மாற்றாமலே இந்த வாரச் சரக்கை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வகுப்புக்கு வந்த ஓட்டுநரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் முடிஞ்சு ரோட்டைத் திறந்தாச்சு. கிணத்துத் தண்ணி குடிக்கலாமா? நஷ்டத்துக்கு யார் கிட்ட போக?

ரோட்டோரக் கிணறு, போர்வெல் தண்ணீரைப் பரிசோதனை முடிவு வரும் வரை ஆடுமாட்டுக்கும் காட்ட வேண்டாம். வெறுமனே கொதிக்கவைத்தால் அமிலமோ பெட்ரோலோ போகாது. புல் கருகிய இடத்தில் மேய விடாதீர்கள்.

நஷ்டத்துக்கு 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. ஆபத்தான பொருளை லாரியில் கொண்டுபோகும்போது நடந்த விபத்தும் அதில் வரும். யார் தப்பு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மனு கலெக்டரிடம், ஐந்து வருஷத்துக்குள். அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, கால்நடை டாக்டர் சர்டிஃபிகேட், வி.ஏ.ஓ. கொடுத்த பயிர்ச் சேதக் கணக்கு, போலீஸ் எஃப்.ஐ.ஆர். நகல், அன்றைக்கே எடுத்த போட்டோ எல்லாம் வேண்டும். லாரியின் பதிவெண்ணும் அந்த நாலு இலக்க நம்பரும் தெரிகிற ஒரு போட்டோ இருந்தால் பாதி வேலை முடிந்தது.